அப்பாயியின் கண்ணாடி மேசையும் ஐந்து இழுப்பறைகளும்

அப்பாயியின் கண்ணாடி பதித்த அலங்கார மேசையில் மூன்றாவது இழுப்பறை எப்போதும் இறுகித்தான் இருக்கும். அதைத் திறக்க அப்பாயி ஒரு வழி வைத்திருந்தார். இடது முழங்காலை மேசையில் முட்டுக் கொடுத்து, வலப்பக்கக் கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து, "முருகா" என்று ஒரே இழுப்பு. மழைக்காலத்தில் அதற்கும் அசையாது. தீபாவளிக்குத் துணி எடுக்க வேண்டுமென்றால் என் அப்பாதான் வந்து திறப்பார்.

அப்பாயி போன பிறகு, பர்மாவில் யாங்கோனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் தன்லின் ஊரில் அவர் வீட்டைக் காலி செய்தோம். மேசையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் எடுத்துக்கொண்டேன். லாரியில் பாலம் கடந்து யாங்கோனுக்கு வந்து, தாம்வே பகுதியில் எங்கள் மூன்றாம் மாடிக்கு நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். படிக்கட்டு குறுகல் என்பதால் கண்ணாடியையும் இழுப்பறைகளையும் கழற்றித் தனித்தனியாகக் கொண்டுபோனோம். அகலம் 42 அங்குலம், ஆழம் 19, கண்ணாடி இல்லாமல் உயரம் 34. மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய இழுப்பறை, கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பெரியவை. முழுக்கத் தேக்கு, பின்பலகை மட்டும் வேறு மரம்.

கொள்ளுத்தாத்தா சிரியம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது என்பார்கள். தன்லினுக்கு அன்று சிரியம் என்று பெயர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், குண்டு விழுந்தபின் குடும்பம் உள்நாட்டுக் கிராமத்துக்குப் போய்விட்டது. மேசையைப் பக்கத்து வீட்டு பர்மியக் குடும்பத்திடம் விட்டுவிட்டுப் போனார்கள். 1942-இல் வெள்ளைக்காரர்கள் பின்வாங்கும்போது ஆலையைத் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். சண்டை முடிந்து எங்கள் ஆட்கள் திரும்பியபோது வேலை இல்லை, வீட்டில் கதவு இல்லை, மேசை மட்டும் பக்கத்து வீட்டில் துடைத்து வைத்தபடி இருந்ததாம். 1964-இல் பெரிய பாட்டிகள் எல்லாரும் கப்பலேறி இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குப் போனார்கள். கையில் கொண்டுபோக அனுமதித்தது கொஞ்சம்தான். மேசை இங்கே தங்கிய அப்பாயியோடு தங்கியது.

எனக்கு இதைக் காட்சிப்பொருளாக வைக்க விருப்பமில்லை, வீட்டில் அதற்கு இடமும் இல்லை. துணியும், மகளின் விளையாட்டுச் சாமானும், மடிக்கணினியும், கரண்ட் போனால் எடுக்கும் பேட்டரி விளக்குகளும் இதற்குள்தான் இருக்க வேண்டும். தினமும் பத்து முறை திறந்து மூடுகிற சாமானாக அது வேலை செய்ய வேண்டும். அதே நேரம், செய்தவன் கை தெரிகிற இடத்தில் என் கை பட வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆகஸ்டில் மேசையைச் சீர்செய்யத் தொடங்கினேன். யாங்கோனில் அது கொட்டுகிற மழைக்காலம். அரக்கு (ஷெல்லாக்) பூசவோ எண்ணெய் பூசவோ ஆகாத காலம். அரக்கைக் கரைத்த ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அரக்குப் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். பிரித்து, சுத்தம் செய்து, ஒட்டுகிற வேலைக்கு மழை தடையில்லை. பூச்சு வேலையை நவம்பருக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி, மேலே என்ன பூசியிருக்கிறது என்பது. கண்ணுக்குத் தெரிந்தது பச்சை எனாமல். 1970-களில் சித்தப்பா கல்யாணத்துக்கு வீட்டுக் கதவுகளுக்கு அடித்ததில் மிச்சமாம். மேல்பலகையும் முன்பக்கமும் பச்சை, பக்கப் பலகைகள் மட்டும் பழைய செம்பழுப்பு. ஒரு காலின் உட்புறத்தில், யாரும் பார்க்காத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் அழுத்திப் பார்த்தேன். பஞ்சு பழுப்பாகி ஒட்டியது. அடியில் இருப்பது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகியிருந்தால் லாக்கர், இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ் என்று கொள்ளலாம். பழைய மரச்சாமானைத் தொடும் முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

அரக்கின்மேல் எனாமல் அடித்திருந்தது என் அதிர்ஷ்டம். எனாமலை ஸ்பிரிட் கரைக்காது, அடியில் இருக்கிற அரக்கைக் கரைக்கும். ஐம்பது வருட எனாமல் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்திருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பழைய வேட்டித்துணியை இழுப்பறை முகத்தில் விரித்து, ஆவியாகாமல் மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, முக்கால் மணி நேரம் விட்டேன். வெடிப்புகள் வழியாக ஸ்பிரிட் இறங்கி, அடியிலிருந்த அரக்கு கூழாகி, பச்சை வண்ணம் வாழைமட்டை உரிப்பதுபோல் நீளமாக உரிந்து வந்தது. அடியில் தேக்கின் ரேகை அப்படியே இருந்தது. அந்த மாலை முழுக்க நான் எழுந்திருக்கவே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. அதனால் உலர்ந்த வண்ணத்தின்மேல் உப்புத்தாள் போடவே இல்லை, சூடு காட்டவும் இல்லை. மொட்டை மாடியில், குழந்தையை மேலே ஏற விடாமல், ஈரமாகவே சுரண்டினேன். சுரண்டியதைப் பையில் கட்டினேன். போட்டிருந்த கைலியைத் தனியாகத் துவைத்தேன். ஸ்பிரிட் இருக்கும் இடத்தில் அடுப்போ சுருட்டோ வரக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேல்பலகையில் இது பலிக்கவில்லை. அங்கே அரக்கு முன்பே தேய்ந்து போயிருந்ததால் எனாமல் நேராக மரத்தின் நாருக்குள் இறங்கியிருந்தது. வண்ணக்கடையில் காஸ்டிக் சோடா போடச் சொன்னார்கள். பின்கால் ஒன்றில் முதலில் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் தேக்கு சேறுபோல் கறுத்தது. காரம் பட்டால் தேக்கு கறுக்கும். வினிகரால் கழுவி, பிறகு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவினேன், பாதிதான் தெளிந்தது. கால் என்பதாலும் பின்பக்கம் என்பதாலும் அதோடு விட்டேன். மேல்பலகைக்கு ஜெல் வகைப் பெயின்ட் ரிமூவரும் மழுங்கிய சுரண்டுபட்டியும் கொண்டு நான்கு நாள். கடைசியில் நாருக்குள் மிஞ்சிய பச்சைக்குப் பித்தளைக் கம்பித் தூரிகை, நார் ஓடுகிற திசையில் மட்டும்.

இனி இழுப்பறைகள்.

மூன்றாவதின் பக்கங்களை இழைத்துவிடலாம் என்று இழைப்புளியைத் தீட்டி எடுத்து வைத்திருந்தேன். அதற்கு முன்பே யாரோ அதன் மேல்விளிம்பை இழைத்திருந்தது தெரிந்தது, கருத்த மரத்துக்கு நடுவில் ஒரு வெளிர்பட்டை. அப்படி இழைத்தும் இறுக்கம் போகவில்லை. அந்த யோசனையோடு மேல் வலப்பக்கச் சிறிய இழுப்பறையை எடுத்துத் திருப்பினேன். அதன் பின்பலகையில் பென்சிலில், அழுத்தமாக, "உ".

பிள்ளையார் சுழி என்று நினைத்தேன். ஆசாரி வேலை தொடங்கும்போது போட்டிருப்பார். செய்தவர் நம் ஆள்தான் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் நல்ல மரவேலை என்றால் சீனர் பட்டறை என்றுதான் பேசுவார்கள், இதையும் அப்படியே நினைத்திருந்தோம். உடனே அத்தைக்குப் படம் அனுப்பினேன். அத்தை அழுதுவிட்டார்.

இடப்பக்கச் சிறியதைத் திருப்பினால் "க". பெரியவற்றில் ஒன்றில் "ச". இன்னொன்றில் அழிந்தும் அழியாததுமாக "ங" போல ஒன்று. அடியிலிருந்ததில் "ரு". கந்தசாமி, சண்முகம் என்று பெயரெழுத்துகளாக இருக்குமோ என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அனோயத்தா சாலையில் காளி கோயிலுக்குப் போனபோது, முன்பு கோயில் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து இல்லை தம்பி, எண். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்றார்.

௧, ௨, ௩, ௪, ௫.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் படித்தது 1, 2, 3 மட்டும். தமிழ் எண்களைக் காலண்டரில் பார்த்திருப்பேன், கண்ணில் நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, இழுப்பறைகளை எல்லாம் எடுத்துவிட்டு, கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இழுப்பறை வழுக்கிப்போகும் ஒவ்வொரு ஓடுசட்டத்தின் உட்பக்கத்திலும் அதே கையெழுத்தில் ஒரு எண். மூன்றாம் கூட்டில் ௩ என்று எழுதியிருந்தது. அதில் இத்தனை வருடமும் இருந்தது ௪.

கையால் செய்கிறவர் எல்லா இழுப்பறையையும் ஓர் அளவில் அறுத்துப் போடுவதில்லை. கூட்டைச் செய்து முடித்தபின், அந்தந்தத் திறப்புக்கு இழுப்பறையைப் பொருத்திப் பொருத்தி இழைத்து, அது வழுக்கிக்கொண்டு போகும்போது நிறுத்துவார். பார்வைக்கு மூன்று பெரிய இழுப்பறையும் ஒன்றுதான். அளந்தால் ௪-ஆம் எண் ௩-ஐவிட அகலத்தில் அரை நூல் கூடுதல். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற கணக்கில் அரை நூல் என்பது ஒன்றரை மில்லிமீட்டர். எப்போதோ வீடு மாறியபோது இரண்டும் இடம் மாறியிருக்க வேண்டும். அதன்பின் அப்பாயியின் முழங்கால் வலி எல்லாம் அந்த அரை நூலுக்காகத்தான்.

இரண்டையும் மாற்றிச் செருகினேன். ௩ உள்ளே போனபோது, முன்னால் அடைபட்ட காற்று கீழ் இழுப்பறையை ஒரு விரல் வெளியே தள்ளியது. நல்ல பொருத்தத்துக்கு அதுதான் அடையாளம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் என் கண்ணால் கண்டேன். இழைப்புளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

முன்பு யாரோ இழைத்த அந்த வெளிர்பட்டையை நிறமேற்றி மறைக்கவில்லை. இழுப்பறைகளின் உட்புறத்தில் எண்ணெயோ வார்னிஷோ பூசவும் இல்லை. மூடிய பெட்டிக்குள் எண்ணெய் பூசினால் அந்த வாடை வருடக்கணக்கில் துணியில் ஏறும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, இரண்டு நாள் காற்றாட்டம், உரசும் விளிம்புகளிலும் ஓடுசட்டங்களிலும் மெழுகுவத்தி. பென்சில் எண்களின்மேல் துணிகூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். ௨-ஆம் இழுப்பறையில், இங்கே முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்கா மரப்பட்டையின் மணம் இன்னும் இருக்கிறது. மூலையில் சந்தன நிறத்தில் கொஞ்சம் தூளும் இருந்தது, அதையும் எடுக்கவில்லை.

மேல்பலகை இரண்டு பலகைகளை ஒட்டியது, 11 அங்குலம் ஒன்று, 8 அங்குலம் ஒன்று. ஒட்டு பிளந்து நடுவில் ஒரு நூல் இடைவெளி. காரணம் அடியில் இருந்தது. பிற்காலத்தில் யாரோ ஆட்டத்தை நிறுத்த ஆறு இரும்புத் திருகாணிகளால் பலகையைச் சட்டத்தோடு இறுக்கியிருக்கிறார்கள். மழையில் பலகை அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசையும், ஆனாலும் அசையும். இரு விளிம்பையும் ஆணியடித்துப் பிடித்தால் நடுவில்தான் கிழியும். திருகாணியைச் சுற்றி மரம் மசிபோல் கறுத்தும் இருந்தது, இரும்பு துருவேறி மரத்தோடு சேர்ந்து வரும் கறை. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம் நன்றாகவே வேலை செய்தது. கையுறை போட்டு, பிறகு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காய்ந்த தூள் மூக்கில் ஏறினால் எரியும்.

பழைய ஒட்டு வச்சிரம், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. வெந்நீர்த் துணியை வைத்தால் இளகிவிடும். மறுபடி ஒட்டவும் வச்சிரமே வேண்டும் என்று நின்றேன். மரத்துக்குள் ஊறிய பழைய வச்சிரத்தோடு புது வச்சிரம் சேர்ந்துகொள்ளும், கடையில் விற்கும் வெள்ளைப் பசை சேராது. நாளைக்கு வேறு யாராவது பிரிக்க வேண்டி வந்தாலும் வெந்நீர் போதும். வச்சிரக் கட்டியை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்ன டப்பாவை வைத்துச் சூடாக்கினேன். கொதிக்க விட்டால் பிடிப்பு போய்விடும், 60 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, ஒட்டும் முகங்களைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே ஒட்டினேன். நீளமான கவ்வி என்னிடம் இல்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் கட்டையைச் செருகி முறுக்கினேன். காலையில் இடைவெளி இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும். திருகாணிகளைப் பித்தளைக்கு மாற்றி, சட்டத்தில் துளைகளைப் பலகை விரியும் திசையில் நீளவாக்கில் அராவினேன். இனி அது இஷ்டத்துக்கு விரிந்து சுருங்கலாம்.

பின்பலகையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேக்கில்லை என்பதால் வண்டு துளைத்து மாவாகியிருந்தது. எடுத்துவிட்டு நல்ல பிளைவுட் போட்டேன். மடிக்கணினிச் சார்ஜர் வயருக்கான துளையை அதில் போட்டுக்கொண்டேன். இந்தக் காலத்துக்கு வேண்டியது எல்லாம் இந்தக் காலத்துப் பலகையிலேயே அடங்கிவிட்டது. பழைய தேக்கில் புதுத்துளை ஒன்றுகூட இல்லை.

நவம்பரில் மழை விட்டது. சுரண்டிய மேல்பலகை பச்சையும் சாம்பலும் கோடுகோடாக (வண்ணமல்ல, மரத்தின் சொந்த நிறம்), பக்கப் பலகைகளுக்குச் சம்பந்தமே இல்லாத நிறத்தில் இருந்தது. அத்தை வந்து பார்த்து, "நிறச்சாயம் போட்டுருப்பா, ரெண்டும் வேற வேறயா இருக்கு" என்றார். "ஒரு வாரம் பொறுங்க அத்தை" என்றேன். புதிதாகச் சுரண்டிய தேக்கு வெளிச்சம் பட்டால் தானே தேன் நிறத்துக்கு வரும். ஆறு நாள் மாடியில் வெயில் காட்டினேன், மேலே எதையும் வைக்காமல், வைத்தால் அந்த இடம் மட்டும் திட்டாக நிற்கும். ஏழாம் நாள் அத்தை சாயப் பேச்சை எடுக்கவில்லை.

உப்புத்தாள் 120, 180, 240 என்ற வரிசையில், மேல்பலகைக்கு மட்டும். தேக்குக்குள் மணல்போலச் சிலிக்கா உண்டு, உளியும் பட்டியும் சீக்கிரம் மழுங்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பு வரவைக்கும், எனக்கு முழங்கை வரை வந்தது. முகமூடியும் முழுக்கைச் சட்டையும் முதல் நாளிலிருந்தே போட்டிருக்க வேண்டும்.

பக்கங்களிலும் இழுப்பறை முகங்களிலும் அரக்கு. அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில், ஒரு நாள் கரைய விட்டு மெல்லிய துணியில் வடிகட்டினேன். பஞ்சை வேட்டித்துணியில் பொட்டலமாகக் கட்டி, நிற்காமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் நின்றால் அங்கே ஒட்டிக்கொள்ளும். பக்கங்களில் பழைய அரக்கை எடுக்கவே இல்லை. புது அரக்கு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், அதனால்தான் நூறு வருடத்துச் சாமானையும் அரக்கால் மீட்க முடிகிறது.

மேல்பலகைக்கு அரக்கு உதவாது. தேநீர்க் கோப்பையின் சூடும் ஈரமும் வெள்ளை வளையமாக விழும். ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ், டர்பன்டைன் மூன்றையும் சம அளவில் கலந்து, துணியால் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். ஒரு நாளுக்கு ஒரு கோட், மொத்தம் ஐந்து. எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். நான் ஒவ்வொன்றையும் கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட்டேன்.

பலகையின் இடது ஓரத்தில் பத்துப் பைசா அளவில் ஒரு கருகல் உண்டு. அப்பாயி மாலையில் அகல் வைக்கும் இடம். சுரண்டினால் போயிருக்கும், பள்ளம் விழுந்திருக்கும். அப்படியே வைத்து எண்ணெய் ஏற்றினேன். பாதரசம் உதிர்ந்ததுபோல் புள்ளி விழுந்த கண்ணாடியையும் மாற்றவில்லை. பித்தளைக் கைப்பிடிகளைப் புளி போட்டுத் தேய்த்து, பள்ளங்களில் இருந்த கருமையை விட்டுவிட்டேன். குழந்தை ஏறி இழுத்தால் சாயாமல் இருக்க, பிளைவுட்டுக்குப் பின்னால் இரண்டு இரும்புப் பட்டிகளால் சுவரோடு பிணைத்தேன். குழந்தை இருக்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது ௧-இல் சார்ஜர்களும் பேட்டரி விளக்குகளும். ௨-ஐக் காலியாகவே வைத்திருக்கிறோம். ௩-இல் மகளின் துணி, அவளே ஒரு கையால் திறக்கிறாள். கீழே இரண்டும் எங்களுக்கு.

ஜூலையில் மழை வலுத்தபோது ௫ கொஞ்சம் இறுகியது. மெழுகுவத்தி தேய்த்தேன், அரைகுறையாக வழிக்கு வந்தது. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அக்டோபர் கடைசியில் தானே தளர்ந்துவிட்டது.